74 டிகிரி வெந்நீரில் கரண்ட்: செனா கணக்கை வெயில் ஊரில் போட்டால் என்ன மிஞ்சும்?

பம்ப்செட் | 3 பிப்ரவரி 2024

அலாஸ்காவில் ஃபேர்பேங்ஸ் பக்கம் செனா ஹாட் ஸ்பிரிங்ஸ்னு ஒரு இடம். 2006-லிருந்து 74 டிகிரி வெந்நீரை வைத்துக் கரண்ட் எடுக்கிறாங்க. 200 கிலோவாட் யூனிட். தண்ணி கொதிக்கக்கூட இல்லை! இமாசலத்தின் மணிகரண், சத்தீஸ்கரின் தத்தபானி ஊற்றெல்லாம் இதைவிடச் சூடு. அப்புறம் ஏன் இங்கே ஒண்ணும் நடக்கலை? டெக்னாலஜி தயாரா இருக்கு, ஆளும் பணமும்தான் இல்லை என்பது என் கட்சி. மறுக்கிறவங்க மறுக்கலாம்.

சில்லர்காரன் | 3 பிப்ரவரி

செனாவில் கூலிங் தண்ணி எத்தனை டிகிரின்னு பார்த்தீங்களா? 4.4. பாதி பிளாண்ட் அந்தத் தண்ணிதான்.

பம்ப்செட் | 3 பிப்ரவரி

டீசல் இன்ஜினுக்கும் ரேடியேட்டர் உண்டு. அதைப் பாதி இன்ஜின்னு யாரும் சொல்றதில்லையே.

சில்லர்காரன் | 4 பிப்ரவரி

டீசல் உள்ளே எரியும்போது 2000 டிகிரி. ரேடியேட்டர் பக்கம் 30 கூடினாலும் குறைஞ்சாலும் பெரிசா தெரியாது. இங்கே மேலே 74, கீழே 4. மொத்தச் சொத்தே 70 டிகிரி. கீழ்ப் பக்கம் 30 ஏறினால் சொத்தில் பாதி போச்சு.

மெஷினை முதலில் பார்த்துடலாம். அது புதுசே இல்லை. பெரிய கட்டட ஏசிக்கு வைக்கிற சென்ட்ரிஃபியூகல் சில்லர்தான். கேரியரின் 19எக்ஸ்ஆர் சில்லரை யுனைடெட் டெக்னாலஜிஸ் ஆட்கள் தலைகீழா ஓட்டினாங்க. கம்ப்ரசர் இருந்த இடத்தில் டர்பைன், மோட்டார் இருந்த இடத்தில் இண்டக்ஷன் ஜெனரேட்டர். உள்ளே ஓடுறது ஆர்-134ஏ, கார் ஏசியில் இருந்த அதே கேஸ். எவாப்பரேட்டரில் வெந்நீர் அதைக் கொதிக்க வைக்கும், ஆவி டர்பைனைச் சுத்தும், கண்டென்சரில் கூலிங் தண்ணி அதைத் திரும்பத் திரவமாக்கும், ஃபீட் பம்ப் அந்தத் திரவத்தை மறுபடி எவாப்பரேட்டருக்குத் தள்ளும். ஆயிரக்கணக்கில் செய்கிற பாகங்கள் என்பதால் விலையும் கட்டுக்குள் நின்னது.

டிசைன் நம்பர்கள்:

வெந்நீர் செகண்டுக்கு 33.4 கிலோ. 73.3-ல் உள்ளே வந்து 54.4-ல் வெளியே போகுது. கூலிங் தண்ணி செகண்டுக்கு 101 கிலோ, 4.4-லிருந்து 10 டிகிரிக்கு ஏறுது. கேஸ் ஓட்டம் செகண்டுக்கு 12.2 கிலோ. கேஸ் அழுத்தம் டர்பைன் வாசலில் 16 பார், வெளியே 4.4 பார். டர்பைன் 250 கிலோவாட் கொடுக்கும், அதில் ஃபீட் பம்ப் 40 தின்னும், மிச்சம் 210. வாங்குற வெப்பம் 2,580 கிலோவாட். ஆக எஃபிஷியன்சி 8 சதவீதத்தைச் சுத்தி.

8 சதவீதம்னு சிரிக்க வேண்டாம். இந்த இரண்டு வெப்பநிலைக்கும் இடையில் கார்னோ கணக்கே, அதாவது இயற்கை விதி விடுகிற உச்ச எஃபிஷியன்சியே, 20-ஐத் தாண்டாது. வெந்நீர் ஓடஓட ஆறிக்கிட்டே வருதுங்கிறதையும் சேர்த்தால் உச்சவரம்பு 17. அதில் பாதியைப் பிடிச்சிருக்காங்க. நல்ல வேலைதான்.

பம்ப்செட் | 4 பிப்ரவரி

சரி, 4.4-க்குப் பதில் நம்ம 32 டிகிரி கூலிங் டவர் தண்ணியைப் போடுங்க. 210 எத்தனை ஆகும்? 120?

சில்லர்காரன் | 6 பிப்ரவரி

கையால் போட்ட கணக்கு. ஆர்-134ஏ டேபிள் வைத்திருக்கிறவங்க சரிபார்க்கலாம்.

செனாவில் கேஸ் 16 பாரில் கொதிக்குது, அதாவது 58 டிகிரி. 4.4 பாரில், 12 டிகிரியில் தண்ணியாகுது, அதாவது திரவமாகுது. இந்த இரண்டுக்கும் நடுவில் கிலோவுக்குக் கிடைக்கிற ஆற்றல் இறக்கம் சுமார் 26 கிலோஜூல். டர்பைன் அதில் 80 சதவீதம் பிடித்தால் 20.5. 12.2-ஆல் பெருக்கினால் 250. அவங்க நம்பரோடு ஒத்துப்போகுது.

இப்போ நம்ம ஊர். கூலிங் தண்ணி 32-ல் வந்தால் 37-ல் வெளியே போகும், கேஸ் 40-க்குக் கீழே தண்ணியாகாது. அப்போ கண்டென்சரில் 10.2 பார். 16-லிருந்து 10.2 வரை இறங்கினால் கிலோவுக்கு 8.8 கிலோஜூல்தான், 80 சதவீதம் என்றால் 7. டர்பைன் தருவது 85 கிலோவாட்.

செலவுப் பக்கம்:

ஃபீட் பம்ப் நல்லதா போட்டால் 10 கிலோவாட். கண்டென்சரில் வெளியேத்த வேண்டிய வெப்பம் 2,000 கிலோவாட்டைத் தொடும். அதுக்கு செகண்டுக்கு 95 கிலோ கூலிங் தண்ணி. 20 மீட்டர் ஹெட் (தூக்கும் உயரம்), 70 சதவீத பம்ப் என்றால் 27. டவர் ஃபேனுக்கு 10. கிணற்றிலிருந்து 33 கிலோ வெந்நீரை 50 மீட்டர் தூக்க, 60 சதவீத பம்பில் இன்னொரு 27.

85-ல் 74 போச்சு. மிச்சம் 11 கிலோவாட். ஒரு கல்யாண மண்டப ஏசிக்குக்கூடக் காணாது.

பம்ப்செட் | 6 பிப்ரவரி

11-ஆ?! கொதிக்கிற அழுத்தத்தை ஏத்துங்க. 58 எதுக்கு, 65-ல் கொதிக்க வையுங்க. தண்ணிதான் 74 இருக்கே.

சில்லர்காரன் | 7 பிப்ரவரி

எல்லாரும் முதலில் கேட்கிற கேள்வி இது. கொதிநிலையை ஏத்தினால் கிலோவுக்கு வருமானம் கூடும், ஆனா கிலோவே குறையும்.

வெந்நீர் ஒரு டிகிரி இறங்கினால் 140 கிலோவாட் வெப்பம் தரும். கேஸ் கொதிக்க ஆரம்பிக்கிற இடத்தில் தண்ணி அதைவிட 3 டிகிரியாவது கூட இருக்கணும். இதுதான் பிஞ்ச். செனாவில் கொதிக்கிறது 58, அந்த இடத்தில் தண்ணி 61. ஆக 73.3-லிருந்து 61 வரை உள்ள 12 டிகிரிதான் கொதிக்க வைக்கும். அதுக்குக் கீழே உள்ளது வெறும் முன்சூடு.

62-ல் கொதிக்க வைத்தால் தண்ணி 65-க்குக் கீழே உதவாது. 8 டிகிரி வெப்பம்தான் கொதிக்கக் கிடைக்கும். கேஸ் ஓட்டம் 12.2-லிருந்து 8.5-க்கு விழும், டர்பைன் 72 கிலோவாட். இறக்கி 55-ல் வைத்தால் ஓட்டம் 14.6, டர்பைன் 86. அதாவது உச்சி தட்டையானது. 55-க்கும் 58-க்கும் நடுவில் எங்கே நின்னாலும் அதே 85 சொச்சம். இங்கே திருகிப் பெற எதுவும் இல்லை.

கண்டென்சர் பக்கம் ஒரு டிகிரி குறைச்சுப் பாருங்க, 6 கிலோவாட் கூடும். 11-ஐ வைத்துக்கிட்டு நிற்கிறவனுக்கு 6 எவ்வளவு பெரிசு!

நிலத்தடி | 7 பிப்ரவரி

கணக்கு சரி. இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

முதல் முயற்சிகள் எங்கே ஓடின என்று பாருங்கள். இந்த வகை நிலையத்தில் முதலாவது 1967-இல் ரஷ்யாவில் கம்சட்காவின் பராத்துன்காவில் ஓடியது. 81 டிகிரி நீர், ஆர்-12 கேஸ். அதுவும் பனிப் பிரதேசம். வெயில் ஊரில் ஓடியதற்கு உதாரணம் ஆஸ்திரேலியாவின் பேர்ட்ஸ்வில். அங்கே 98 டிகிரி நீர், 1,280 மீட்டர் ஆழத்து ஆர்ட்டீசியன் கிணறு, அழுத்தம் தானாகவே தள்ளுவதால் கிணற்றுப் பம்ப் தேவையில்லை. இத்தனை சாதகம் இருந்தும் நிகரமாகக் கிடைத்தது 80 கிலோவாட். ஏசி அதிகம் ஓடும் கோடையில்தான் உற்பத்தி குறைவு. 2018-இல் மூடிவிட்டார்கள்.

இரண்டாவது, செனாவின் அதிர்ஷ்டத்தில் இன்னொன்றைச் சில்லர்காரன் சொல்லவில்லை. குளிர்நீர்க் கிணறு நிலையத்தைவிட 10 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சைஃபனில் நீர் தானாக இறங்கி வருகிறது. மேலே எழுதிய 27 கிலோவாட் கூலிங் பம்ப் செலவு அங்கே கிடையாது.

சில்லர்காரன் | 7 பிப்ரவரி

ஆமா. நமக்கு டவர் ஃபேன் செலவு தனி, டவரில் ஆவியாகிற தண்ணி தனி. 2,000 கிலோவாட் வெப்பத்தை ஆவியாக்கித் தள்ளணும்னா மணிக்கு 3,000 லிட்டர் போகும். 11 கிலோவாட்டுக்கு மணிக்கு 3,000 லிட்டர். தண்ணி லாரிக்காரன் சந்தோஷப்படுவான்.

திருமலை | 9 பிப்ரவரி

எங்கட திருகோணமலைக் கன்னியா வெந்நீர் ஊற்றிலயும் செய்யலாமெண்டு ஊரில ஒரு கதை அடிபடுது. ஏழு கிணறு இருக்கு. ஏலுமோ?

சில்லர்காரன் | 9 பிப்ரவரி

ஏலாது அண்ணை. கன்னியாவில் கூடின சூடே 40-ஐ ஒட்டித்தான். மேலே போட்ட கணக்கில் கூலிங் டவருக்குத் திரும்பிப் போற தண்ணியே 37. குளிக்கத்தான் சரி.

திருமலை | 9 பிப்ரவரி

நல்லது, குளிச்சிட்டு வாறன்.

நிலத்தடி | 10 பிப்ரவரி

குளிர்தான் பாதி என்றால், வெயில் ஊரில் குளிர் எங்கே கிடைக்கும் என்று தனிமடலில் ஒருவர் கேட்டார். கடலுக்கு அடியில். லட்சத்தீவின் கவரத்தியில் 2005-இல் என்.ஐ.ஓ.டி. (தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம்) அமைத்த கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை இதே தத்துவம்தான். மேல்நீர் 28 டிகிரி, சுமார் 350 மீட்டர் ஆழத்து நீர் 12-13 டிகிரி. சூடான நீரை வெற்றிடத்தில் ஆவியாக்கி, குளிர்ந்த நீரால் ஆவியைத் தண்ணீராக்குகிறார்கள். நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர் குடிநீர்.

இதே வித்தியாசத்தில் மின்சாரம் எடுக்க 2000-களின் தொடக்கத்தில் தூத்துக்குடிக் கடலில் 1 மெகாவாட் மிதவை நிலையத்துக்கு முயன்றார்கள். 1,000 மீட்டர் நீளக் குளிர்நீர்க் குழாயை இறக்கி நிறுத்த முடியாமல் கைவிடப்பட்டது. டர்பைனும் ரெஃப்ரிஜிரன்டும் கையில் இருந்தும், குளிரைக் கொண்டுவரும் குழாய் கவிழ்த்துவிட்டது.

பம்ப்செட் | 10 பிப்ரவரி

இழை கடலுக்குப் போயிடுச்சு. மலைக்கு வாங்க. லடாக் பூகா? அங்கே குளிருக்குப் பஞ்சமே இல்லை.

நிலத்தடி | 11 பிப்ரவரி

இந்தியாவில் முதல் உரிமை பூகாவுக்குத்தான். உயரம் 4,400 மீட்டர். ஊற்றுகளில் நீர் 84 டிகிரியிலேயே கொதிப்பதற்குக் காரணம் அந்த உயரம். 1970-களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை போட்ட துளைகளில் 140 டிகிரி வரை பதிவானது. 2021 பிப்ரவரியில் ஓ.என்.ஜி.சி. லடாக் நிர்வாகத்துடன் ஒப்பந்தம் போட்டது, முதல் கட்ட இலக்கு 1 மெகாவாட். 2022 ஆகஸ்டில் துளையிடும்போது வெந்நீர் பீறிட்டு ஓடையில் கலந்ததால் வேலை நின்றது.

அங்கே வேறு சிக்கல் உண்டு. காற்று குளிர்தான், ஆனால் மெலிசு. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் 60 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். ஏர்கூல்டு கண்டென்சரில் அதே வெப்பத்தை வெளியேற்ற ஒன்றரை மடங்குக்கு மேல் கன அளவு காற்று வேண்டும். ஃபேன் எண்ணிக்கை, காயில் பரப்பு எல்லாம் கூடும். காட்டலாக்கில் போட்டிருக்கும் திறனை அப்படியே நம்பி ஆர்டர் கொடுத்தால் முதல் கோடையிலேயே ஹை பிரஷர் டிரிப் அடிக்கும், அதாவது அழுத்தம் ஏறி மெஷின் தானாக நின்றுவிடும். ஜெனரேட்டருக்கும் இதே கதை. மெலிந்த காற்றில் குளிராது, திறனைக் குறைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

சில்லர்காரன் | 11 பிப்ரவரி

குளிர்காலத்தில் நேர்மாறு. காற்று மைனஸ் 25-க்குப் போகும்போது ஃபேனை நிறுத்தாவிட்டால் கண்டென்சர் அழுத்தம் தரையைத் தொடும். ஆர்-134ஏ என்றால் பரவாயில்லை, அது கொதிக்கிறதே மைனஸ் 26-ல். ஆர்-245எஃப்ஏ என்கிற இன்னொரு கேஸைப் போட்டிருந்தால், கடல்மட்டக் கணக்கில் 15 டிகிரிக்குக் கீழே வந்தாலே கண்டென்சர் வெற்றிடம். ஒவ்வொரு கேஸ்கட் வழியாகவும் காற்று உள்ளே வரும். உள்ளே வந்த காற்று தண்ணியாகாது, கண்டென்சர் மேல்மூலையில் சேர்ந்து டியூபை மூடும், அழுத்தம் இருக்க வேண்டியதைவிட ஏறி நிற்கும். காற்று இருக்கான்னு பார்க்க எளிய வழி: கண்டென்சரில் திரவத்தின் வெப்பநிலையை அளந்து, அதுக்கு டேபிளில் என்ன அழுத்தம்னு பாருங்க. கேஜ் அதைவிட 0.2 பார் கூடக் காட்டினால் காற்றுதான். அதை வெளியேத்துற பர்ஜ் யூனிட் போட்டே ஆகணும்.

செனாவில் 12 டிகிரியில் தண்ணியாக்குறாங்க இல்லையா, அதுக்கு 134ஏ எடுத்ததின் நியாயம் இதுதான். வெயில் ஊரில் 245எஃப்ஏ பொருந்தும். 40-ல் 2.5 பார், 58-ல் 4.4 பார் சுமார். ஷெல் மெலிசாப் போதும். ஆனா ஆவியின் கன அளவு பெரிசு, டர்பைனும் பைப்பும் தடிக்கும்.

பம்ப்செட் | 13 பிப்ரவரி

ஒரு பம்ப் கேள்வி, இது என் ஏரியா. 12 கிலோ, 11.6 பார். ஏட்டில் 11-12 கிலோவாட்தான் வருது. செனாவில் 40 எப்படிப் போச்சு?

சில்லர்காரன் | 13 பிப்ரவரி

பிடிச்சீங்க. அப்படின்னா பம்ப் எஃபிஷியன்சி 30 சதவீதத்தை ஒட்டி. ரெஃப்ரிஜிரன்ட் பம்ப் தொல்லையே அது. கண்டென்சரிலிருந்து வர்ற திரவம் கொதிநிலையிலேயே நிற்குது. சக்‌ஷனில் (பம்ப் உறிஞ்சுற பக்கம்) கொஞ்சம் அழுத்தம் குறைந்தாலும் குமிழ் விடும், ஜல்லியை அரைக்கிற சத்தம் வரும், இம்பெல்லர் பொத்தல் விழும். அதனால் சக்‌ஷனுக்காக விட்டுக்கொடுத்து, எஃபிஷியன்சி குறைந்த பம்பாவது நின்னு ஓடட்டும்னு எடுக்கிறாங்க.

சரியா செய்யணும்னா ரிசீவரை (திரவம் சேருகிற தொட்டி) பம்ப்புக்கு மேலே 2 மீட்டராவது தூக்கி வையுங்க. 134ஏ-வில் ஒரு மீட்டர் உயரம் 0.12 பார் தரும். சக்‌ஷன் லைன் ஒரு சைஸ் பெரிசு, எல்போ குறைவு, ஸ்ட்ரெயினர் கமிஷனிங் முடிந்ததும் பெரிய மெஷ்ஷுக்கு மாத்தணும். கண்டென்சரின் கடைசி வரிசை டியூப்களைத் திரவத்தில் மூழ்க விட்டால் 2-3 டிகிரி கூடுதலா ஆறும், பம்ப்புக்கு உயிர் வரும். ஸ்டார்ட்டில்தான் முக்கால்வாசி பம்ப் சாகும். முதலில் கூலிங் தண்ணி, ரிசீவர் லெவல் பார்த்து, பைபாஸ் திறந்து பம்ப்பை விஎஃப்டி-யில் (மோட்டார் வேகத்தை மாத்துற கருவி) மெதுவா ஏத்தி, கடைசியில்தான் வெந்நீர் வால்வு.

நிறுத்தும்போது வரிசை தலைகீழ். வெந்நீரை மூடாமல் பம்ப்பை நிறுத்தினால் எவாப்பரேட்டர் அழுத்தம் சேஃப்டி வால்வு வரைக்கும் ஏறும்.

பம்ப்செட் | 14 பிப்ரவரி

லோடு திடீர்னு கழண்டால்?

சில்லர்காரன் | 14 பிப்ரவரி

டர்பைன் ஓவர்ஸ்பீடு. வாசலில் ஒரு செகண்டுக்குள் மூடுகிற டிரிப் வால்வு, கூடவே ஆவியை நேரா கண்டென்சருக்கு விடுகிற பைபாஸ். இரண்டும் ஒரே சிக்னலில் வேலை செய்யணும். இண்டக்ஷன் ஜெனரேட்டர் என்றால் கிரிட்டிலிருந்து ரியாக்டிவ் பவர் வாங்கும், கெபாசிட்டர் பேங்க் வேணும். கிரிட் இல்லாமல் தனித்தீவா ஓட்டணும்னா பக்கத்தில் டீசல் செட்டோ பேட்டரி இன்வெர்ட்டரோ வோல்டேஜ் பிடிச்சுக் கொடுக்கணும்.

நிலத்தடி | 17 பிப்ரவரி

தண்ணீரின் குணத்தை யாரும் பேசவில்லை. பல இடங்களில் டர்பைனைவிட முன்னால் கெடுவது எவாப்பரேட்டர் டியூப்.

ஆழத்தில் அழுத்தத்தோடு இருக்கும் நீரில் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருக்கும். மேலே வரவர அழுத்தம் குறைந்து, சோடா மூடி திறந்ததுபோல் வாயு வெளியேறும். உடனே கால்சியம் கார்பனேட் படியும். பெரும்பாலும் கிணற்றுக் குழாயில், குமிழ் முதலில் தோன்றும் ஆழத்திலேயே சுண்ணாம்புக்கல்லாக இறுகும். வைத்தியம் இரண்டு: கிணற்றுக்குள் பம்ப் இறக்கி, மேலே எவாப்பரேட்டர் தாண்டி திரும்பச் செலுத்தும் கிணறு வரை குமிழ் அழுத்தத்துக்கு மேலேயே வைத்திருப்பது, அல்லது குமிழ் தோன்றும் ஆழத்துக்குக் கீழே மெல்லிய குழாய் வழியாகப் படிவுத் தடுப்பி மருந்தைச் சொட்டவிடுவது. மேலே வந்தபின் மருந்து போட்டுப் பயனில்லை.

சில்லரைத் திருப்பி ஓட்டலாம் என்று கிளம்புபவர்களுக்கு ஒன்று: சில்லரில் இருப்பது செப்பு டியூப். நீரில் ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சம் இருந்தாலும் செப்பு கறுத்து அரித்துப்போகும். சோதனைக்கு வரும் நீரில் முட்டை நாற்றம் அடித்தால் செப்பை மறந்துவிட்டு ஸ்டெயின்லெஸ் 316எல் அல்லது, குளோரைடும் கூடுதல் என்றால், டைட்டானியம் விலை கேளுங்கள். செலவு கணக்கு அங்கேயே மாறும்.

படிவு எவ்வளவு தின்னும் என்று சொல்ல பிஞ்ச் கணக்கே போதும். செனாவில் 3 டிகிரி வித்தியாசத்தில் ஓடுகிறது. அரை மில்லிமீட்டர் சுண்ணாம்பு படிந்தால் அது 6, 7 ஆகும். கொதிநிலையைக் கீழே இறக்க வேண்டிவரும், டர்பைன் இறங்கும்.

பம்ப்செட் | 18 பிப்ரவரி

என் கட்சி தோத்துப் போகுது போல. அப்போ 74 டிகிரி தண்ணி சமவெளியில் சும்மாவா ஓடணும்?

நிலத்தடி | 18 பிப்ரவரி

ஏன் சும்மா? 11 கிலோவாட் மின்சாரம் எடுக்கப் போய் 2,000 கிலோவாட் வெப்பத்தை வானத்தில் விடுகிறீர்கள். அந்த வெப்பத்தை அப்படியே பயன்படுத்துங்கள். மிளகாய், ஏலக்காய், மீன் உலர்த்த 45-55 டிகிரி காற்று போதும். செனாவிலேயே ஒரு பனி மாளிகையைக் கோடையில் உருகாமல் காப்பது அதே வெந்நீரில் ஓடும் அம்மோனியா அப்சார்ப்ஷன் சில்லர்தான் (கம்ப்ரசருக்குப் பதில் வெப்பத்தால் குளிரூட்டும் வகை).

சில்லர்காரன் | 18 பிப்ரவரி

அதே வகையில் லித்தியம் புரோமைடு சில்லர்னு யாராவது கிளம்பினால்: அது முழுத் திறனுக்கு 88-90 டிகிரி வெந்நீர் கேட்கும். 74-ல் ஓடும், பாதியளவில்.

மின்சாரம்தான் வேணும்னா சமவெளியில் 110-120 டிகிரிக்குக் குறையாமல் கிணறு கிடைக்கணும். அதுக்குக் கீழே நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

பம்ப்செட் | 21 பிப்ரவரி

கடைசி சந்தேகம். 134ஏ-வின் புவி வெப்பமாக்கும் மதிப்பு 1,430, அதாவது ஒரு கிலோ 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். லீக் ஆனால் ‘சுத்தமான மின்சாரம்’ என்ன ஆகும்?

சில்லர்காரன் | 22 பிப்ரவரி

ஒரு மாதிரிக் கணக்கு. 2 டன் கேஸ் உள்ளே, வருஷம் 2 சதவீதம் லீக் என்றால் 40 கிலோ, 57 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். 200 கிலோவாட் வருஷம் 8,000 மணி ஓடினால் 16 லட்சம் யூனிட். அதை டீசலில் எடுத்திருந்தால் 4.5 லட்சம் லிட்டர், 1,200 டன். ஆக லாபம்தான். ஆனா ஒரு தடவை மொத்த கேஸும் போச்சுன்னா 2,860 டன், இரண்டரை வருஷ லாபம் ஒரே நாளில் காலி. புதுசா போடுறவங்க ஆர்-1234இசட்இ அல்லது ஆர்-1233இசட்டி பாருங்க, அந்த மதிப்பு ஒற்றை இலக்கம்தான். ஐசோபென்டேன் மலிவு, ஆனா தீப்பிடிக்கும்; பேனல், மோட்டார் எல்லாம் ஃப்ளேம்புரூஃப் ஆகணும்.

லீக் டெஸ்ட்டை நைட்ரஜனில் படிப்படியா ஏத்தி, ஒவ்வொரு படியிலும் சோப்புத் தண்ணி அடிச்சுப் பாருங்க. 24 மணி நேரம் நிறுத்தி வைக்கும்போது வெப்பநிலையையும் எழுதி வையுங்க. கேஜில் 10 பார் வைத்தது, ராத்திரி 10 டிகிரி இறங்கினால் காலையில் 0.35 பார் குறைவாத்தான் காட்டும். அது லீக் இல்லை. இதுக்குப் பயந்து ஃபிளாஞ்சையெல்லாம் கழட்டி உண்மையான லீக்கை உண்டாக்கின சைட்டுகள் உண்டு. அப்புறம் உள்ளே இருக்கிறதை உறிஞ்சி வேக்கம் 500 மைக்ரான் வரை இறக்கி, வேக்கம் பம்ப்பை மூடி அரை மணி நேரம் பார்க்கணும். ஏறிப்போய் ஒரு இடத்தில் நின்னால் உள்ளே ஈரம், நிற்காமல் ஏறினால் லீக்.

134ஏ காற்றைவிடக் கனம். ரூமுக்குள் வைக்கிற கேஸ் சென்சரை தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் மாட்டுங்க, கூரையில் மாட்டினால் ஆள் விழுந்த பிறகுதான் மணி அடிக்கும்.